ஆறு நிமிடம், அப்புறம் மெயின் சுவிட்ச்

வெந்ததா வேகவில்லையா என்று காளிதாஸ் ஒரு தடவை சொல்லிவிட்டால், அந்தத் தோட்டத்தில் அதற்குமேல் பேச்சில்லை. இலங்கையில் தெரணியகலை டவுனிலிருந்து த்ரீவீல் ஆட்டோவில் அரைமணி நேரம் ஏறினால் வரும் ரப்பர் தோட்டம் அது. அங்கே புகையறையில் அவருக்கு முப்பத்தோரு வருட வேலை. உறைந்த ரப்பர் பாலை உருளையில் அழுத்தி, தண்ணீர் வடியவிட்டு, ஷீட்டுகளாக மூங்கில் கழிகளில் தொங்கவிடுவார்கள். கீழே ரப்பர் விறகு எரியும். நாலு நாள் புகை. நாலாம் நாள் காலையில் காளிதாஸ் ஒரு ஷீட்டை இறக்கி வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலுக்கு நேராகப் பிடிப்பார். தேன் நிறத்தில் வெளிச்சம் சீராக வந்தால் வெந்தது. நடுவில் எங்காவது வெள்ளை தெரிந்தால் வேகவில்லை; திரும்பக் கழிக்குப் போகும். ஃபெக்டரி ஐயா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்து நிற்பார்.

இதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் இரண்டு வருடம் ஷீட்டுகளைக் கெடுத்து, திட்டு வாங்கி, கெட்டதை வீட்டுக்குக் கொண்டுபோய் அறுத்துப் பார்த்துத் தானாகத் தெரிந்துகொண்டது.

அப்படிப்பட்டவர் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் தன் ஒற்றை அறைக் காம்பராவில், ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி, அதற்குள் இருந்தது வெந்ததா வேகவில்லையா என்று தெரியாமல் நின்றார். கிண்ணத்தில் இருந்தது கேக். அதைச் சுட்டது மைக்ரோவேவ்.

மெஷின் வந்து இரண்டரை வருடம் ஆகியிருந்தது. மனைவி சீதாதேவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். ஒரே மகன் யோகராஜ் கத்தாரில். முதல் இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்தபோது சீதாதேவி திரும்பி வராமல் இன்னொன்றில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தனக்குப் பதிலாக ஒரு கார்கோ பெட்டியை அனுப்பினாள். போர்வை, பால்மா டின், சோப்பு, தடித்த கண்ணாடிக் கிண்ணம், இந்த மெஷின்.

"தனியா ஒக்காந்து அடுப்பு ஊதிக்கிட்டுக் கெடக்காதீங்க. பட்டன அமுக்கினா போதும்," என்று போனில் சொன்னாள்.

அவர் அமுக்கவில்லை. சோம்பல் இல்லை. விறகு இல்லாமல், புகை இல்லாமல், பார்க்க ஒரு நெருப்பில்லாமல் வேகிற ஒன்றை என்ன செய்வதென்று அவருக்குப் புரியவில்லை. மேசையில் வைத்து, மேலே பூப்போட்ட துணி ஒன்றை விரித்து, ஞாயிறு தோறும் தூசி தட்டினார்.

சீதாதேவி வெள்ளிக்கிழமைகளில்தான் பேசுவாள்.

"என்னங்க, மெஷின் வேல செய்யுதா?"

"செய்யுது."

"என்ன செஞ்சீங்க?"

மெஷின் வந்த அட்டைப்பெட்டி எதிரே கிடந்தது. அதன்மேல் பழத்துண்டுகள் தெரிய வெட்டி வைத்த ஒரு கேக்கின் படம்.

"கேக்கு," என்றார்.

 சீதாதேவி சிரித்தாள். "நீங்களா? கேக்கா? ஐயோ, எனக்கு இப்பவே பாக்கணும்போல இருக்குங்க." அப்படி அவள் சிரித்து அவர் கேட்டு இரண்டு வருடம் இருக்கும்.

அதனால் அடுத்த மாதமும் ஒரு கேக் போட்டார், போனில். அதற்கடுத்த மாதம் கஜு என்கிற முந்திரி சேர்த்தார். ஒரு மாதம் சீனி கூடிவிட்டது என்று வருத்தப்பட்டார். இன்னொரு மாதம், "இந்த வாட்டி பூவாட்டம் வந்துச்சு," என்றார். அவருடைய பட்டன் போனில் படம் எடுக்க முடியாது என்பதால் சீதாதேவி படம் கேட்கவில்லை. இப்படியே ஏறத்தாழ முப்பது கேக் ஆகிவிட்டது.

போன வெள்ளிக்கிழமை சீதாதேவி சொன்னாள்: "வார சனிக்கெழம பகலைக்கு வந்துருவேன். இனிமே போறதில்ல. சோறு கறின்னு ஒண்ணும் ஆக்கி வைக்காதீங்க. ஒங்க கேக்கும் ஒரு பிளேன்டீயும் போதும். ரெண்டரை வருஷமா அந்தக் கேக்கத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

மெஷினைத் தொடவில்லை என்று சொல்லிவிடலாம். முப்பது கேக்கும் பொய் என்று எப்படிச் சொல்வது? சனிக்கிழமைக்குள் ஒரு கேக்காவது நிஜமாக வேண்டும்.

திங்கட்கிழமை வேலை முடிந்து டவுனுக்கு இறங்கினார். நஜீப்பின் கடையில் கோதுமை மா, சீனி, மாஜரின், முட்டை, பேக்கிங் பவுடர், பிளம்ஸ் என்று கடையில் சொல்லும் உலர்ந்த திராட்சை, கஜு எல்லாவற்றையும் நாலு கேக்குக்குக் கணக்காகக் கேட்டார். எதையும் ஒரு தடவைக்கென்று வாங்குகிற ஆள் இல்லை.

"என்ன காளி அண்ணே, வீட்டுல விசேஷமா?" என்றார் நஜீப்.

"கேக் போடத்தான் மொதலாளி."

"யாரு போடுறது?"

"நான்தான்."

நஜீப் தராசை நிறுத்திவிட்டு, பக்கத்தில் பருப்பு வாங்கிக்கொண்டிருந்த சிங்களப் பெண்ணிடம், "மே அய்யா கேக் ஹதனவலு," என்று, இவர் கேக் செய்கிறாராம் என்ற செய்தியைச் சிங்களத்தில் அறிவித்தார். அந்த அம்மா காளிதாஸை மேலும் கீழும் பார்த்து, "ஷோக்," என்று மெச்சினாள்.

"கேக்குன்னா இதப் போடாம போடாதீங்க," என்று நஜீப் சீனிப்பாகில் ஊறிய பூசணித்துண்டு ஒரு பொட்டலத்தை மேலே வைத்தார். "புஹுல் தோசி. பொடியா வெட்டிப் போடுங்க. அக்கா வாராவாக்கும்?"

காளிதாஸ் பையைத் தூக்கினார்.

செய்முறையைத் தந்தது பக்கத்துக் காம்பரா ஷாமிளா. தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் வேலைக்குப் போன தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். தன் போனில் ஒரு வீடியோவைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, அவருக்கு ஒரு தாளில் எழுதினாள். ஒரு கோப்பை மா, முக்கால் கோப்பை சீனி, அரைக் கோப்பை உருக்கிய மாஜரின், அரைக் கோப்பை பால், இரண்டு முட்டை, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு கைப்பிடி பழம்.

"கைப்பிடின்னா யாரு கைப்பிடி?" என்று கேட்டார் காளிதாஸ்.

"வீடியோவுல இருக்குற பொம்பளயோட கைப்பிடி மாமா. சின்னக் கைதான்."

"எத்தன நிமிஷம்?"

"ஆறுலயிருந்து எட்டுங்கிறா. மெஷினுக்கு மெஷின் மாறுமாம்."

"அப்ப வெந்துச்சான்னு எப்படிப் பாக்குறது?"

ஷாமிளா வீடியோவைத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். "அதச் சொல்லலியே."

"வெளியயிருந்து வேகுதா, உள்ளயிருந்து வேகுதா?"

"உள்ளயிருந்து வேகும் மாமா."

"உள்ளன்னா?"

"உள்ளதான். எனக்கு என்ன தெரியும்? தகரத்துல மட்டும் வச்சிராதீங்க, பொறி பறக்குமாம்."

செவ்வாய்க்கிழமை நாலரை மணிக்குத் துணியை எடுத்தார். மாவைக் கட்டியில்லாமல் அடித்து, பழத்தை மாவில் பிரட்டிச் சேர்த்து, கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, எட்டு நிமிடம் வைத்தார். மெஷின் உறுமியது, உள்ளே விளக்கெரிந்து தட்டு தானாகச் சுற்றியது. புகையறையில் ஷீட்டுகளைத் தினமும் கையால் திருப்பிப்போட வேண்டும். இது தன்னைத் தானே திருப்பிக்கொள்கிறதே என்று அவருக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. நாலாம் நிமிடம் மா எழும்பியது. எட்டு நிமிடம் முடிந்து சத்தம் போட்டு நின்றது.

கேக் வெள்ளையாக இருந்தது.

பெட்டியில் இருந்த படத்தில் கேக்கின் மேல்பக்கம் நல்ல பழுப்பு. இது பச்சை மாவின் நிறத்திலேயே இருந்தது. வெள்ளை என்றால் வேகவில்லை. அதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. இன்னும் நாலு நிமிடம் வைத்தார். வெள்ளை. இன்னும் நாலு. வெள்ளைதான், ஆனால் எங்கிருந்தோ கருகல் வாடை வந்தது. கதவைத் திறந்து உள்ளே கையை விட்டார். சுவரில் சூடு இல்லை. மேலே தடவிப் பார்த்தார், அங்கேயும் இல்லை. இவ்வளவு நேரம் எரிந்த அறை எப்படி ஆறிக் கிடக்கும்?

கத்தியை இறக்கினார். இறங்கவில்லை. அழுத்தி வெட்டிப் பிளந்தார். வெளியே வெள்ளை, நடுவில் கரி.

அந்தத் துண்டைத்தான் கிண்ணத்தோடு பிடித்துக்கொண்டு நின்றார். ரப்பர் வெளியிலிருந்து வெந்து உள்ளே போகும். வெள்ளை மிச்சமிருந்தால் நடுவில்தான் மிச்சமிருக்கும். இது தலைகீழாக வெந்திருந்தது. இதை வெந்தது என்பதா, வேகாதது என்பதா? இரண்டும் ஒரே துண்டில் இருந்தன.

புதன்கிழமை எச்சரிக்கையானார். ஐந்து நிமிடம்தான். மெஷின் நின்ற கையோடு கதவைத் திறந்து, கிண்ணத்தை வெளியே இழுத்து, நடுவில் கத்தி விட்டார். மா கூழாக ஒட்டியது. கேக்கின் நடு அவர் கண்முன்னே பள்ளமாக இறங்கியது. திரும்ப வைத்து மூன்று நிமிடம். இழுத்து வெட்டிப் பார்த்தார். இன்னொரு மூன்று. ஷாமிளா பிள்ளைமடுவத்திலிருந்து வந்து எட்டிப் பார்த்தபோது அவர் ஒரு துண்டை விரலால் மடக்கிக்கொண்டிருந்தார். மடங்கியது. விட்டால் நிமிர்ந்தது.

"மாமா, அத அந்த வெயிலுக்குப் புடிச்சுப் பாருங்க," என்றாள் ஷாமிளா. "மொதல் தரம்னு நெனக்கிறேன்."

"சும்மா இரு புள்ள."

"ஃபெக்டரி ஐயாகிட்ட குடுத்தா நிறுத்து எடுத்துக்குவாரு. நாலு நாள் வேலய நீங்க பதினோரு நிமிஷத்துல முடிச்சிட்டீங்களே!"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஷாமிளாவும் அதைக் கவனித்தாள். "அத்தைக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்ல மாமா. உண்மையச் சொல்லிருங்களேன். திட்டினா ஒரு நாளைக்குத் திட்டும்."

"திட்டினா பரவால்ல," என்றார். "அது சிரிச்சிச்சு புள்ள. அத நான் எப்படித் திருப்பி வாங்குறது?"

வியாழக்கிழமை எதுவும் சுடவில்லை. ஷாமிளாவின் தாளை நாலைந்து தடவை வாசித்தார். புகையறையில் கழிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, சூடு எங்கிருந்து வருகிறது என்று யோசித்தார். இங்கே கீழேயிருந்து வருகிறது. விறகைக் கூட்டினால் கூடும், கதவைச் சாத்தினால் நிற்கும். அங்கே எதைக் கூட்டுவது, எதைச் சாத்துவது? ஒரு ஷீட்டை இறக்கிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் நின்றார். ஃபெக்டரி ஐயா, "என்ன காளி, வேகலியா?" என்று இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்றாவது. கரிக்கும் கூழுக்கும் நடுவில் எங்கோ இருக்க வேண்டும் என்று ஆறு நிமிடம் வைத்தார். ஆறாவது நிமிடம் முடிகிற நேரம் மெஷினின் உறுமல் நின்று, உள்ளே விளக்கு அணைந்தது. முடிந்த சத்தம் வரவில்லை. காம்பராவின் மின்விசிறியும் நின்றிருந்தது. கரண்ட் போய்விட்டது.

பாதியில் நெருப்பு அணைந்த புகையறை எவ்வளவு ஷீட்டைக் கெடுக்கும் என்று அவருக்குத் தெரியும். கதவைத் திறந்து பார்க்கவும் மனமில்லை. வெளியே வந்தார். லயம் முழுக்க இருட்டாம். வயர்மேல் மரக்கிளை விழுந்திருக்கிறது என்றார்கள். குழாயடிவரை நடந்து, முகம் கழுவி, அங்கே நின்றவர்களோடு மின்சாரக்காரர்களைத் திட்டி, மெதுவாகத் திரும்பி வந்தார். கால்மணி நேரம் போயிருக்கும். கரண்ட் வரவில்லை.

தூக்கி எறிவதற்காகத்தான் கதவைத் திறந்தார். கேக் வெள்ளையாகவே இருந்தது. ஆனால் கிண்ணத்தின் ஓரத்தை விட்டு விலகி நின்றது. விரலால் தொட்டார், அமுங்கி எழும்பியது. தட்டில் கவிழ்த்தபோது முழுசாக விழுந்தது. ஓரத்தில் ஒரு துண்டு வெட்டினார். கத்தி சுத்தமாக வந்தது. பிளம்ஸும் பூசணியும் நடுவிலேயே இருந்தன. வாயில் போட்டார்.

கேக்தான்.

ஷாமிளாவுக்கு ஒரு துண்டு கொடுத்தார். "மாமா! என்ன செஞ்சீங்க?" என்று கத்தினாள்.

"தெரியல," என்றார். பொய்யில்லை. ஆறு நிமிடமா? கரண்ட் போனதா? கதவைத் திறக்காமல் விட்டதா? புகையறையில் ஒரு தொகை ஷீட் நன்றாக வந்துவிட்டால், எதனால் என்று தெரியும்வரை அவர் எதையும் மாற்றமாட்டார்; எந்த மரத்து விறகு, எத்தனை மணிக்குக் கதவு, எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் எழுதி வைத்தார்: ஆறு நிமிடம். கரண்ட் நிறுத்தம். குழாயடிவரை போய் வருதல்.

சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு த்ரீவீல் லயத்து வாசலில் நின்றது. சீதாதேவி மெலிந்திருந்தாள். தலைமயிரில் வெள்ளை தெரிந்தது. காம்பராவுக்குள் வந்து முதலில் மெஷினைத்தான் பார்த்தாள். அதை ஒரு தடவை தொட்டாள். பிறகு பாயில் உட்கார்ந்து, காளிதாஸ் வைத்த தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு தின்றாள்.

"என்னங்க," என்றாள் கடைசியில். "நீங்க சொன்னது கொஞ்சம்தான். அதவிட நல்லாருக்கு."

அந்த நிமிடமே எல்லாம் முடிந்திருக்கலாம். காளிதாஸுக்கு மூச்சு இறங்கியது. ஆனால் சீதாதேவியைப் பார்க்க ஷாமிளாவும் இன்னும் மூன்று நாலு பெண்களும் வந்திருந்தார்கள், தட்டு காலியாகிவிட்டது.

"இன்னொண்ணு போடுங்களேன்," என்றாள் சீதாதேவி. "எப்படிப் போடுறீங்கன்னு நானும் பாக்கணும். அந்த வீட்டு மெஷின நாலரை வருஷமா தொடச்சிருக்கேன், பால் சுட வச்சிருக்கேன். அவ்ளோதான். நீங்கதான் சொல்லித் தரணும்."

ஷாமிளா காளிதாஸைப் பார்த்துவிட்டுக் கூரையைப் பார்த்தாள்.

நாலாவது கேக்குக்குச் சாமான் இருந்தது. காளிதாஸ் கலந்தார். கை தானாகவே வேலை செய்தது. சீதாதேவி ஒவ்வொன்றையும் குனிந்து கவனித்தாள். கிண்ணத்தை வைத்து ஆறு நிமிடம் அமுக்கினார். எல்லோரும் கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆறாவது நிமிடம் முடியப் போகும்போது காளிதாஸ் கதவோரம் போய், சுவரில் இருந்த மெயின் சுவிட்சை அணைத்தார். மெஷின் நின்றது. மின்விசிறி நின்றது.

"ஏங்க, மெயின ஏன் நிறுத்துறீங்க?"

"அப்படித்தான்," என்று சொல்லிவிட்டு வெளியே இறங்கினார். குழாயடிவரை நடந்தார். முகம் கழுவினார். திட்டுவதற்கு அன்றைக்கு ஆளில்லாததால் சும்மா கொஞ்சநேரம் நின்றார். திரும்பிப் பார்த்தபோது பெண்கள் எல்லோரும் காம்பரா வாசலில் வரிசையாக நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் வந்து சேர்ந்ததும் மற்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். ஷாமிளா கடைசியாகப் போனாள். சீதாதேவி மேசைக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டியைத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றாள். அதில் எழுதியிருந்ததை வாசித்துவிட்டாள் என்பது தெரிந்தது.

"குழாயடிவரைக்கும் போகணுமா?" என்று கேட்டாள்.

"நேத்து போனேன். நல்லா வந்துச்சு. எதுனால வந்துச்சுன்னு வெளங்கல."

"முப்பது கேக் போட்டவருக்கு வெளங்கலியா?"

அவர் பெட்டியில் இருந்த தன் எழுத்தையே பார்த்தார்.

"எத்தன போட்டீங்க?"

"இதோட நாலு."

"மாசத்துக்கா?"

"மொத்தமா. செவ்வாக்கெழமயிலருந்து."

சீதாதேவி பெட்டியைத் திருப்பி அந்தப் படத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். "சீனி கூடிருச்சுன்னு சொன்னீங்களே ஒரு வாட்டி. அன்னைக்கு நான் எவ்ளோ வருத்தப்பட்டேன் தெரியுமா? கொறச்சுப் போடுங்கன்னு சொல்ல அடுத்த வெள்ளிக்கெழம வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தேன்."

"தெரியும்."

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"நீ சிரிச்ச," என்றார் காளிதாஸ். "மொத வாட்டி."

அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மெஷின் பக்கம் திரும்பினாள். கதவைத் திறந்தாள். வெள்ளைக் கேக் கிண்ணத்தில் அசையாமல் இருந்தது. அதை வெளியே எடுத்து, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நின்றுகொண்டு கேட்டாள்:

"வெந்துருச்சா?"

முப்பத்தோரு வருடமாகத் தினம் தினம் காதில் விழுந்த கேள்வி. காளிதாஸ் கேக்கைப் பார்த்தார். அதன் வெள்ளையைப் பார்த்தார்.

"தெரியல," என்றார். "நீயே பாரு."

சீதாதேவி விரலால் நடுவில் அழுத்தினாள். குழி விழுந்தது, பிறகு மெதுவாக எழும்பியது. இன்னொரு தடவை அழுத்தினாள்.

"அந்த மெயினப் போடுங்க மொதல்ல," என்றாள். "வேத்து ஊத்துது."